உடன் ஒருவர்

ஆபீஸில் அண்ணனுக்குக் கத்திரி என்று பேர். கூடப் பிறந்த தங்கையே வைத்த பேர், அவருக்குத் தெரியாது. ஒரே வாக்கியம் இரண்டு தரம் வந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அவருடைய கம்பெனி மருத்துவமனைகளுக்கு ஒரு செயலி செய்து கொடுத்தது. உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது வெளியே காத்திருப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். அந்த வாக்கியங்களைப் பதினோரு மொழிகளில் பெயர்க்கும் பொறுப்பு தங்கைக்கு. ஒன்றுபோல் இருப்பதையெல்லாம் ஒன்றாக்கு என்று உத்தரவு. 'சேமிக்கப்பட்டது' என்பதே ஆறு விதமாக இருந்தது, ஒன்றாக்கினாள். நல்லதுதான். ஒரு ஜோடியில் மட்டும் கை நின்றுவிட்டது.

'மருத்துவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார். முதல் மாடிக்கு வரவும்.'

'மருத்துவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார். உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு முதல் மாடிக்கு வரவும்.'

"இது ரெண்டும் வேற வேற அண்ணா. ஆள் போயிட்டாதான் ரெண்டாவதை அனுப்புவாங்க. தலைமை நர்ஸ் கேட்டு வாங்கின வரி. தனியா வந்து விஷயத்தைக் கேட்ட ஒருத்தர் படியிலயே விழுந்துட்டாராம்."

"அழறதுக்குத் துணை தேடித் தர்றதா நம்ம வேலை? சின்னதை வை, பெரிசைத் தூக்கு."

கட்டினவன் நெஞ்சு வலியோடு படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது, சம்பளம் தருகிறவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? தூக்கினாள்.

அடுத்த மாதம் அவள் கணவனுக்கு அதே செயலி ஓடும் மருத்துவமனையில் ஆபரேஷன். கத்திரியும் வந்திருந்தார், வேலையைப் போட்டுவிட்டு வந்ததாக இரண்டு முறை சொல்லியும் காட்டினார். எதிர் வரிசைப் பெண்மணிக்குச் செய்தி வந்தது. ஓட்டமாக மாடி ஏறினாள். "கண்ணு முழிச்சுட்டார்" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

பிறகு தங்கையின் போன் அதிர்ந்தது. அவளே மொழிபெயர்த்த வரி. மருத்துவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார். இரண்டில் எது என்று அந்தக் கூடத்தில் யாராலும் சொல்ல முடியாது.

"அண்ணா, நீயும் வா."

"எதுக்கு? இப்பதானே அந்தம்மா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. எனக்கு ஒரு போன் பேசணும்."

"பயமா இருக்கு."

"கூட ஆளைக் கூட்டிட்டு வான்னு மெசேஜ்ல போட்டிருக்கா? இல்லல்ல. போ."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவருக்கு நாற்காலியில் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தனியாக ஏறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். அறை வாசலில் நின்ற டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"மெசேஜ்ல அப்படிப் போடலை டாக்டர்" என்றாள்.