பத்தொன்பதாவது ஆள்

1

இந்தக் கதை என் மருந்துக்கடையில் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வந்த கெவ் பாஸ்கோ, எங்கள் கராலிங் கால்பந்து* கிளப்பின் தலைவர், சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "நீ கதையெல்லாம் எழுதுறியாமே. நம்ம கோச் கிளெமைப் பத்தி ஒண்ணு எழுதேன். என்னை மட்டும் அதுல இழுக்காதே."

தலையாட்டினேன். அவரை இழுக்காமல் எழுத முடியாது என்று அப்போதே தெரியும்.

(* வட்டப் பந்தை நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இது ஆஸ்திரேலியாவின் சொந்த ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டு பேர், ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, சற்றே தவறினால் ஒரு புள்ளி.)

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

"கிளெம் ராத்போன் கையில் பந்தோடு பிறந்தவர்." அடித்துவிட்டேன். அவர் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், படித்தால் சிரிப்பார்.

"மெல்பர்னில் ஆறு ஆட்டம் ஆடி, ஏழாவதில் முழங்கால் போய், சொந்த ஊரான பெண்ட்லிக்குத் திரும்பியபோது அவர் கண்களில்"

கண்களில் என்ன? எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தப் பக்கம் வந்தே இருபது வருடம்தான் ஆகிறது. வரி அப்படியே தொங்கட்டும்.

நடந்ததையே சொல்கிறேன். 1983 இறுதி ஆட்டம், கராலிங்குக்கும் பெண்ட்லிக்கும். பெண்ட்லியின் கேப்டன் கிளெம். கடைசிக் கால் பகுதியில் எங்கள் அணி முப்பத்தொரு புள்ளி முன்னே இருந்தது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இருபது வயது கெவ், அணி உதவியாளர் கையை வீசுவதைப் பார்த்தார். உள்ளே போகச் சொல்கிறார் என்று நினைத்துப் பாய்ந்து ஓடினார். உதவியாளரோ முகத்தில் மொய்த்த ஈயை விரட்டியிருக்கிறார். (செப்டம்பரில் எங்கள் பக்கத்து ஈக்களை அறிந்தவர்கள் இருவரையும் குறை சொல்லமாட்டார்கள்.)

மைதானத்தில் பத்தொன்பது பேர். கிளெம் நடுவரிடம் போய்த் தலை எண்ணச் சொன்னார். கேப்டனுக்கு அந்த உரிமை உண்டு. ஒரு தலை கூடுதலாக இருந்தால் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளி மொத்தமும் அழிந்துவிடும். அழிந்தது. கராலிங் பூஜ்யம். கோப்பை பெண்ட்லிக்கு.

அன்றிலிருந்து கெவ்வுக்கு ஊரில் பெயர் 'பத்தொம்போது'. அவர் கல்யாணத்தில்கூட யாரோ விருந்தாளிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார்களாம்.

3

என் பாத்திரம் எனக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

கிளெம் இருபத்தெட்டு வருடம் மனதுக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கதைக்கு நல்லது. மூட்டுவலித் தைலம் வாங்க வந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"வருத்தமா? எதுக்கும்மா? பத்தொம்பது பேர் நின்னாங்க, எண்ணச் சொன்னேன்."

சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். இவரை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

ஆனால் ஒன்று. நாங்கள் இரண்டு பருவம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல், பயிற்றுநர் வேலைக்கு ஆளே கிடைக்காமல் நின்றபோது, பெண்ட்லிக்குத் தொலைபேசியில் அழைத்தது கெவ். வருகிறேன் என்றது கிளெம். ஊர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. சிற்றுண்டிக் கடையில் அவருக்கு மட்டும் ஆறிப்போன 'பை' (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) வரும். சாஸ் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். அவர் அதையும் தின்றுவிட்டுப் பயிற்சிக்குப் போவார். முதல் வருடம் ஒரு வெற்றி, அடுத்த வருடம் நான்கு. மூன்றாம் வருடம் பை சூடாக வந்தது.

4

இப்போது அந்த மூன்றாம் வருடக் கடைசி ஆட்டம். எதிரே யார்? பெண்ட்லிதான். (நான் செய்த ஏற்பாடு அல்ல, அட்டவணையே அப்படி.) ஜெயித்தால் பதினொரு வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்று. தோற்றால் எங்கள் கிளப்பை பெண்ட்லியோடு இணைத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. பெயர், கொடி, நீல மஞ்சள் சட்டை எல்லாம் போய்விடும்.

சனிக்கிழமைகளில் நான் நேரக்காப்பாளர். எங்கள் பயிற்றுநர் பெஞ்சை ஒட்டிய கூண்டுக்குள் கடிகாரமும், ஆட்டத்தை முடிக்கும் சைரன் பொத்தானும் என் பொறுப்பு. நான்கு நிமிடம் மீதி, நாங்கள் எட்டுப் புள்ளி பின்னே. பழக்கதோஷத்தில் பெண்ட்லிக்காரர்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். அதே பத்தொன்பது.

எங்கள் பயிற்றுநர் பெஞ்சுக்கு எதிரே, இருபதடி தூரத்தில், கூடுதல் ஆள் நின்றுகொண்டிருந்தான். வெள்ளை முடிக்காரன். யாரை மறிப்பது என்று தெரியாமல் விழித்தான்.

கிளெமும் எண்ணிவிட்டார். எங்கள் கேப்டனிடம் ஓடிச் சொல்ல ஓட்டக்காரன் தயாராகப் பக்கத்தில் நின்றான். ஒரு சொல் போதும், பெண்ட்லிக்குப் பூஜ்யம், எங்கள் கிளப் பிழைத்துவிடும். ஆனால் கிளெம் அவனை அனுப்பவில்லை. பெஞ்சருகே வேலியோரம் நின்ற கெவ் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா, கெவ்."

இருபத்தெட்டு வருடமாக யாரும் கேட்காத மன்னிப்பு அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கிளெம் மறுப்பார், மறுக்கட்டும்.

5

முடிவு ஒன்று: கெவ் எண்ணச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன், நியாயமாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கெவ் மௌனமாக

வேண்டாம். அந்த மனிதர் வாழ்நாளில் மௌனமாக இருந்ததே இல்லை. உண்மையில் செய்தது இதுதான். வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானமே கேட்கக் கத்தினார்:

"ஏய் வெள்ளைத் தலையா! நீ அதிகம்டா! எண்ணுறதுக்குள்ள வெளிய ஓடு!"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், கெவ்வைப் பார்த்தான், பிறகு விழுந்தடித்து ஓடினான். எங்கள் ஊர்க்காரர்கள் கெவ்வைத் திட்டிய திட்டை எழுதினால் இதை யாரும் அச்சிடமாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. கிளெம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சரி, இப்ப பதினெட்டுக்குப் பதினெட்டு," என்றார் ஓட்டக்காரனிடம். "பசங்களைப் போய் ஆடச் சொல்லு."

எட்டுப் புள்ளி. இரண்டு கோல் வேண்டும். நான்கு நிமிடம் அதற்குத் தாராளம், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பந்து நடுவே மேலே எழும்பியது, எங்கள் ஆள் ஒருவன் அதற்குத் தாவினான்.

மீதி எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். கூண்டை விட்டு இறங்கிவிட்டேன். சைரன் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது. அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள்.