சக்கரம் தர மாட்டேன்

கணவர் மலைச் சைக்கிள் போட்டிக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலோடு கூடவே போனவள் அவள். ஏற்றத்தின் பாதி வழியில், வெயிலானாலும் தூறலானாலும், கால் கடுக்க நிற்பாள். அவர் மூச்சிரைக்க வருவார், பாட்டிலைப் பிடுங்குவார், போய்விடுவார். அவருடைய சிநேகிதர்கள் அவளுக்கு ‘பாட்டில் அண்ணி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். நாள் முழுக்க நின்றே வேலை. கணவர் புது சைக்கிள் வாங்கியபின் பழையது நடையில் துணி காயப்போடும் கம்பியாகிப்போனது. ஒருநாள் அதன்மேல் கிடந்த ஈரத் துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, அதிலேயே கடைக்குப் போனாள். அப்புறம் தினமும் கடை அடைத்ததும், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மேட்டுப் பாதையில் ஓட்டிப் பழகினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். முழங்கைக் காயத்தைப் பார்த்து, முடிவெட்ட வந்த ஒருத்தி, “யாரு அடிச்சது?” என்று பதறினாள்.

“ஒரு மரம். ஆனா அது சும்மாதான் நின்னுச்சு. நான்தான் போய் இடிச்சேன்.”

இந்த வருடப் போட்டிக்குத் தானும் பெயர் கொடுத்திருப்பதாக அவள் சொன்னபோது கணவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுங்க. அவங்க பல்லு, அவங்க சிரிப்பு.”

“அப்ப எனக்கு பாட்டில் யாரு பிடிப்பா?”

அவருடைய உண்மையான கவலை வெளியே வந்துவிட்டது. “நம்ம பொண்ணு பிடிப்பா. ரெண்டு பேருக்குமே பிடிப்பா,” என்றாள்.

போட்டியன்று பெண்களை முதலில் அனுப்பினார்கள். ஆண்கள் பின்னால். ஏற்றத்தில் அவளுடைய நெஞ்சு உலைத்துருத்திபோல அடித்தது. வேர்களும் சரளைக் கல்லுமாக இருந்த பாதையில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாள். மகள் பாட்டிலை நீட்டி, “அம்மா, நீ கடைசி இல்ல!” என்று கத்தினாள். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த வளைவு வரை போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் கணவரின் குரல். “வழி விடு! வழி விடு!” ஒதுங்கினாள். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பறந்தார்.

உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவர் பாதையோரம் நின்றுகொண்டிருந்தார். முன்சக்கரம் பாறையில் மோதி அப்பளமாக நெளிந்திருந்தது.

அவள் பிரேக்கை அழுத்தினாள். “ஏங்க, அடி பட்டுச்சா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நல்லவேளை நீ வந்த. எறங்கு, உன் முன்சக்கரத்தக் கழட்டு. ரெண்டும் ஒரே அளவுதான். நாலாவதா வந்துட்டிருந்தேன், இப்ப கெளம்பினாகூட பத்துக்குள்ள வந்துடுவேன்.”

“அப்ப நான்?”

“நீ மெல்ல நடந்து வா. நீ என்ன ஜெயிக்கவா போற?”

பழக்கதோஷம், அவள் கை தானாகவே சக்கரத்தின் பக்கம் போனது. பாதியில் நின்றது. அவர் பொறுமையில்லாமல் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

“தர மாட்டேன்.”

“என்னது?”

“சக்கரம் தர மாட்டேங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் இது நான் ஓட்டுற ரேஸ்.”

“சைக்கிளே என்னோடது!”

“துணி காயப்போட்ட வரைக்கும் உங்களோடது.”

சொல்லிவிட்டுக் கிளம்பியும்விட்டாள். கீழே, படிபோல மடிந்திறங்கும் பெரிய பாறை. முந்தின வாரம் பழகிப் பார்க்க வந்தபோது அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனாள். இப்போது இறங்கி நின்றால் மனசு மாறிவிடுமோ என்ற பயம் பாறையின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை விட்டாள். சக்கரம் மண்ணைத் தொட்டது. விழவில்லை. அந்தக் காட்டில் யாரும் இல்லாத தைரியத்தில் வாய்விட்டுக் கூவினாள்.

பெண்களில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். குறுக்கு வழியில் முன்னாலேயே இறங்கி வந்திருந்த மகள் பாய்ந்து கட்டிக்கொண்டு தானும் சேறாகிப்போனாள். வெகுநேரம் கழித்து, சைக்கிளைத் தோளில் சுமந்தபடி கணவர் வந்தார். நேராகக் கார் பக்கம் போனார்.

கணவர் வாயிலிருந்தே விஷயம் பரவியதும் அவருடைய சிநேகிதர்களில் ஒருவர் அவளிடம் வந்தார். “என்ன அண்ணி, புருஷனுக்கு ஒரு சக்கரம் குடுக்கக்கூடாதா?”

“கேட்டார். குடுக்கல. ரேஸ் நடுவுல உங்க வீட்டுக்காரி கேட்டா நீங்க கழட்டிக் குடுப்பீங்களா?”

அவர் தன் சைக்கிளை ஒருமுறை பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

காரில் திரும்பினார்கள். ஊர் எல்லை நெருங்கியபோது கணவர் வாய் திறந்தார். “அடுத்த போட்டிக்கு நீ என்கூட வர வேண்டாம்.”

“உங்ககூட வரலைங்க. நான் போறேன். நீங்க வேணா கூட வாங்க.”

பின்சீட்டில் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காலணியைக் கழற்றி, வலிக்கும் கால்களை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, நாளைக்குக் கடையில் யார் யாருக்கு முடி வெட்டவேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.