ரொட்டிப் பையில் கொத்துக்கறி

1
இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என் ஃப்ரீசரில். இன்று காலை வானொலியில், உறையில் ஒரு குறிப்பிட்ட எண் அச்சிட்ட கொத்துக்கறியைத் திரும்பப் பெறுகிறோம், கிருமி இருக்கிறது, வயதானவர்கள் தொடவே வேண்டாம் என்றார்கள். போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் வாலரூ பௌலிங் கிளப் சீட்டுக் குலுக்கலில் எனக்கு ஒரு தட்டு இறைச்சி பரிசாக விழுந்திருந்தது. அதில் கொத்துக்கறியும் உண்டு.

2
"டெரன்ஸ் ஃப்ரீசரைத் திறந்தபோது அந்தக் குளிர்..."

(வேண்டாம். குளிருக்கு உவமை தேடும் வயதா இது?)

டெரன்ஸ். எழுபத்தொரு வயது, தனியாள். பொட்டலத்தை எடுத்து எண்ணைத் தேடினான். எண் இல்லை. எங்கள் ஊர்த் தனியாட்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான்: வந்த அன்றே உறையைப் பிரித்துக் கடாசிவிட்டு, வேளைக்கு ஒரு கைப்பிடியாகப் பழைய ரொட்டிப் பைகளில் முடிந்து வைத்திருந்தான். பையில் இருந்தது ரொட்டியின் தேதி. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான், மடையன்.

3
வானொலியில் சொன்ன உதவி எண்ணுக்குப் போன் செய்தான். ஒரு பெண் எடுத்தாள்.

"வீட்ல எத்தன பேரு சார்?"

"நான் மட்டுந்தாம்மா."

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ சாப்ட்டியா?"

"சார், நான் கறியக் கேக்குறேன்." சிரித்தாள். இந்த வாரம் அவனோடு சிரித்த ஒரே ஆள். "வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"இல்ல."*

* பொய். பாதியைப் பக்கத்து வீட்டு மெர்லுக்குக் கொடுத்திருந்தேன். "கொடுத்திருந்தான்" என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. டெரன்ஸ் நான்தான். வேலிக்கு மேலே பையை நீட்டியபோது அவள், "யோவ், ஒத்தக் கட்டைக்கு இவ்ளோ கறியா? இது விருந்தா, இல்ல என்னய ஒழிச்சுக்கட்டப் பாக்குறியா?" என்றாள். அவளுக்கு எண்பத்திரண்டு.

4
உறையைத் தேடிக் குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். இன்று வியாழக்கிழமை, குப்பை லாரி வந்து போயிருந்தது. தெரு முழுக்கக் காலித் தொட்டிகள். மெர்லுடையது மட்டும் இல்லை. பதினோரு வருடமாகப் புதன் மாலை லாரிக்காகத் தெருவுக்கு வரும் முதல் தொட்டி அவளுடையதுதான். நேற்று என்னுடையது முதலில் போனது. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் வீட்டுத் திரைச்சீலைகளும் இன்னும் மூடியே இருக்கின்றன.

முடிவு அ: கதவு திறக்கிறது. "அந்தக் கறியா? பூனகூட மோந்து பாக்கல, தூக்கிப் போட்டுட்டேன். நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல."

முடிவு ஆ: கதவு

(இதை எழுத மாட்டேன்.)

5
எட்டு வருடம் முன்பு எங்கள் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி, ஜாய்ஸ், ஜாய்ஸ் என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். பதில் வரவேயில்லை. அதிலிருந்து எந்தக் கதவைத் தட்டவும் எனக்குப் பயம்.

ஆகவே வாசகரே, மெர்ல் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். அவள் கதவைத் தட்டாமலிருக்கத்தான் இந்தக் கதை. ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. நான் அடித்துத் திருத்திய ஒவ்வொரு வரிக்கும் அவள் அங்கே தரையில் காத்துக் கிடந்திருக்கலாம்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு