துரையின் பின்னங்கால்

காளையின் முகத்தைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காளை என்ன முகத்தாலா நடக்கிறது? நான் மாடுகளுக்குக் குளம்பு வெட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்தே பார்த்துப் பழகிய கண் இது. நல்ல கால் உள்ள பொலிகாளை பத்து வயதுவரை தாராளமாக நிற்கும். கண்காட்சிக்கென்று வளர்க்கிறார்களே, அதுகளில் பாதி ஆறு வயதைப் பார்ப்பதில்லை. கன்றிலிருந்தே தீவனத்தைக் கொட்டிக் கொட்டி உடம்பை ஏற்றிவிடுகிறார்கள். போதாததற்கு, பின்னங்கால் தூண் மாதிரி நேராக இருப்பதைப் பல நடுவர்கள் கவனிப்பதே இல்லை. பின்னங்கால் கொஞ்சம் மடங்கி நிற்க வேண்டும். அந்த மடக்குதான் எடையை வாங்கிக்கொள்ளும். அது இல்லாத காளை ஒவ்வொரு முறை பசுமேல் ஏறி இறங்கும்போதும் முட்டிதான் அடி வாங்கும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் என்னுடையது. என் தங்கச்சியிடம் மட்டும் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, துரை எந்திரிக்க மாட்டேங்குறான். நேத்து பசுமேல ஏறி இறங்கினப்போ ஏதோ சத்தம் கேட்டுச்சு. டாக்டருக்குச் சொல்லிட்டேன். நீயும் வா."

துரை அவளுடைய காளை. ஐந்து வயது. உட்கார்ந்த இடத்துக்குத் தீவனம் வர வேண்டும், கொஞ்சம் தாமதமானால் தொட்டியை முட்டிக் கவிழ்த்துவிடும். அதனால் அந்தப் பெயர். அவள் கணவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், கடைசியாகத் தன் கையால் இழுத்து வெளியே எடுத்த கன்று அதுதான். அவர் போன பிறகு என் தங்கச்சி யாரோடும் பேசவில்லை. கன்றுக்குட்டியோடு மட்டும் பேசினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா ஏற்கெனவே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். துரை வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தது. முன்னங்கால் இரண்டும் ஊன்றின. இடது பின்னங்கால் துணி மாதிரி துவண்டு போனது. ஆயிரத்து நூறு கிலோ உடம்பு மறுபடி தரையில் விழுந்ததில் சுவரில் மாட்டியிருந்த வாளி ஆடியது. அதற்கு மேல் நான் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

"முட்டிக்குள்ள நார் முழுசா அறுந்துடுச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "இந்த எடைக்கு மூணு கால்ல நிக்கவே முடியாது. இப்படியே போட்டு வெச்சா படுத்த இடத்துலயே புண் வந்து சாகும். ஊசி போட்டு அனுப்பிடுறதுதான் நல்லது."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "சரி," என்றாள். கேள்வி கேட்கவில்லை. நான் ஆட்டிவிட்டால் அவளுக்குப் போதும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஊசி போட்டு முடிகிறவரை துரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் காதுக்குள் என்னவோ சொன்னாள். அது கடைசி வரைக்கும் அவள் கையை நக்கப் பார்த்தது.

டாக்டரம்மா பையை மூடிக்கொண்டே சொன்னார். "பின்னங்கால் ரொம்ப நேரா இருக்கு. இது பரம்பரையா இறங்குற குறைங்க. இதோட பிள்ளைங்க காலையும் ஒரு தடவை பாத்துடுங்க."

"எங்க அண்ணன் மாசாமாசம் பாக்குறான் டாக்டர். அவன் கண்ணுக்குத் தப்புமா?" என்றாள் தங்கச்சி. அந்த நிலைமையிலும் அவள் குரலில் ஒரு பெருமை. டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறிவிட்டார்.

தப்பவில்லை. துரைக்கு இரண்டு வயதானபோது, கண்காட்சிக்கு முந்தைய நாள் மதியம், குளம்பு வெட்டக் காலைத் தூக்கியவன் நான்தான். அப்போதே கால் நேராக இருந்தது. கணுவில் எலுமிச்சம்பழ அளவு வீக்கமும் இருந்தது. பக்கத்தில் தங்கச்சி அதன் வாலைச் சீவிக்கொண்டு, "நாளைக்குத் தோத்தா சோறு கிடையாதுடா துரை," என்று சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. என்னால் அதைக் கெடுக்க முடியவில்லை. குளம்பின் குதிப்பக்கத்தை ஒட்ட வெட்டி, முன்நுனியைத் தொடாமல் விட்டேன். அப்படி வெட்டினால் நேரான காலும் மடங்கி நிற்கிற மாதிரி தெரியும். வீக்கத்தின் மேல் ரோமத்தைத் தண்ணீர் தொட்டு மேல்நோக்கிச் சீவிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். துரை முதல் பரிசு வாங்கியது. நடுவர் காலைத் தட்டிக்கொடுத்து, "என்ன நிலை பாருங்க!" என்றார். அந்த ஆளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு நாள் பொய் என்றுதான் நினைத்தேன். மறுவாரமே நாலாபக்கமிருந்தும் பசுக்களை ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த மாசம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம் என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

துரையின் மேல் சாக்குகளைப் போர்த்திவிட்டுத் தங்கச்சி முகம் கழுவி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"சின்னவன் இருக்கான்ல," என்றாள். "அவனை வெச்சு மேல வந்துடலாம். அடுத்த மாசம் கண்காட்சிக்கு அவனைக் கொண்டு போறேன். நாளைக்கு வந்து குளம்பு வெட்டி விடுண்ணே."

சின்னவன் துரையின் மகன், பத்து மாசக் கன்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே அகன்ற நெற்றி, அதே திமிர், அதே கால். பிறந்த மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாம்மா," என்றேன்.

"ஏன்?"

"அவன் காலும் அதே மாதிரிதான். அவனும் அஞ்சு வயசு தாண்ட மாட்டான். அவனை எந்தப் பசுகிட்டயும் விடாத."

"டாக்டர் சொன்னதை வெச்சு நீயும் பயப்படாதண்ணே. துரை கால் நல்லாத்தான இருந்துச்சு. பரிசு வாங்குனானே."

"நான் வெட்டின வெட்டுல நல்லா தெரிஞ்சுதும்மா."

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துரையின் மேலிருந்த சாக்கை விலக்கினாள். "எங்க பாக்கணும்னு காட்டு," என்றாள். அவள் கையைப் பிடித்து, கணுவின் மேல் வைத்து, எலும்பு போகிற போக்கைத் தடவிக் காட்டினேன். கையை உடனே உருவிக்கொண்டாள். பிறகு சின்னவனிடம் போய்த் தொட்டுப் பார்த்தாள். பிறகு கிடாரிகளிடம் போனாள். துரைக்குப் பிறந்த பெண் கன்றுகளில் நல்லதாகப் பார்த்து, ஒன்றைக்கூட விற்காமல் பதினோரு கிடாரிகளை வைத்திருந்தாள். அதுகளை நம்பித்தான் அவளுடைய இனி வரும் வருஷங்கள் எல்லாம். ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்தாள், தொட்டாள், நிமிர்ந்தாள். ஏழாவதைத் தொட்டதும் கொஞ்ச நேரம் அதன் முதுகில் நெற்றியை வைத்து நின்றாள்.

"நாலுதான் தேறும்," என்றாள் திரும்பி வந்து. அவள் சரியாகப் பார்த்திருந்தாள். நாலுதான்.

"அவர் எடுத்த கன்னுண்ணே அது," என்றாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா காயடிச்சு, ஒல்லியா வளர்த்து, சும்மா வீட்டோட வெச்சிருப்பேனே. ஏறவும் விட்டிருக்க மாட்டேன், இறங்கவும் விட்டிருக்க மாட்டேன். இன்னும் ஏழெட்டு வருஷம் எங்கூட இருந்திருப்பான்ல?"

இருந்திருக்கும்.

தீவன மேடையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். துரையிடம் பசுக்களைக் கொண்டுவந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். "எங்க காளைல குறை இருக்குங்க. கால் பரம்பரையா போகுது. கன்னுங்க காலைப் பாத்துட்டு வளர்த்துங்க... ஆமாங்க, தெரிஞ்சுதான் மறைச்சேன். பரிசுக்கு ஆசைப்பட்டு நான்தான் மறைச்சேன். மன்னிச்சிடுங்க." அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. அவள் காதிலிருந்து போனை எடுக்காமல் முழுசாகக் கேட்டாள்.

மூன்றாவது ஆளுக்கும் அதையே சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. "குடும்மா, நான் பேசுறேன். நான் செஞ்சதை நானே சொல்றேன்," என்று கையை நீட்டினேன்.

அவள் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். உன் பேரைச் சொன்னா அப்புறம் எவன் உன்னைக் கொட்டகைக்குள்ள விடுவான்? எனக்குத்தான் அண்ணன்னு ஒருத்தன் இல்லாம போயிட்டான். உனக்குத் தொழிலாவது மிஞ்சட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினாள்.