சார் என்ன சொன்னார்?

கிரிக்கெட் பேச ஆள் கிடைக்காமல் ஒரு மனுஷி தனக்கு ஒரு புருஷனையே உண்டாக்கிக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், காலை எட்டேகால் டிரிப்பில் நடந்தது இது.

இருதயமேரிக்கு ஐம்பத்துநாலு வயது. வீடு கே.கே. நகரில், வேலை ஸ்ரீரங்கத்தில் தபால் ஆபீஸில். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்பதுதான் சரி. அவளுடைய அம்மா பக்கவாதத்தில் பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தாள். ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் ஒரு ஆயா வருவாள். மற்ற நேரமெல்லாம் மேரிதான். அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் கிரிக்கெட் பார்க்கப் பழகினாள். அதுவும் டெஸ்ட் மேட்ச். நோயாளி இருக்கிற வீட்டுக்கு அதைப்போல ஏற்ற விளையாட்டு வேறு கிடையாது. எழுந்து போய் அம்மாவுக்குத் துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, வாய் துடைத்துவிட்டு வந்தாலும் அதே ரெண்டு பேர் அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருஷத்தில் எந்த மண்ணில் பந்து எகிறும், எந்த மண்ணில் தாழும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு ஆகிவிட்டது.

அம்மா போய் ரெண்டு வருஷமாகிறது. டிவி இருக்கிறது, மேட்ச் இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை. ஆபீஸில் பெண்கள் இவளிடம் சீரியல் பேசினார்கள், ஆண்கள் ஸ்பீட் போஸ்ட் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதர் உடம்பைக் கேட்பார். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், நேற்று அந்த கேப்டன் ஏன் அப்படி ஃபீல்டு வைத்தான் என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே!

பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மேரி உட்காருவது பெண்கள் சீட்டில் கடைசி வரிசை. அவளுக்கு நேர் பின்னால்தான் அந்த மூன்று பேரும். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி. மின்வாரியத்தில் இருக்கும் மாத்ருபூதம். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கும் பிரவீன்ராஜ். சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே மூன்று பேரும் ஆளுக்கொரு டீம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு ஃபாஸ்ட் பௌலர் வேணும்ங்கறேன். காலைல ஒரு மணி நேரம் ஈரப்பதம் இருக்கும்" என்றார் ஜெகபர் அலி.

"சேப்பாக்கத்துலயா பாய்? அங்க ஈரப்பதம் நம்ம சட்டைலதான் இருக்கும்" என்றார் மாத்ருபூதம்.

"அப்ப ஓப்பனர் ரெண்டு பேரையும் யார் தூக்கறது? சொல்லுங்க பார்ப்போம்!"

மேரிக்கு நாக்கு துறுதுறுத்தது. எத்தனை நாள்தான் அடக்குவாள்? தலையைத் திருப்பிச் சொல்லியேவிட்டாள். "அவங்க ஓப்பனர் ரெண்டு பேரும் லெஃப்ட் ஹேண்ட். புதுப் பந்தையே ஆஃப் ஸ்பின்னர் கையில குடுத்துடணும்ங்க."

ஜெகபர் அலி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார். "அட! என்ன சிஸ்டர் இது, யார் சொன்னது? வீட்ல சார் சொன்னாரா?"

தவறு அங்கேதான் நடந்தது. நெற்றியில் பொட்டிருந்து, கழுத்தில் தாலியிருந்தால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். பொட்டில்லாத நெற்றி, சிலுவை தொங்கும் சங்கிலி. இதில் பாவம் அவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்? இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் "ஓ" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"ஆமா" என்றாள் மேரி.

"அப்ப சார்கிட்ட சொல்லுங்க, புதுப் பந்தை ஸ்பின்னர்ட்ட குடுக்கறதும், இலை போட்டதும் முதல்ல மோர் ஊத்தறதும் ஒண்ணுன்னு!"

மறுநாள் அவள் உட்கார்வதற்குள் கேள்வி வந்தது. "சார் என்ன சொன்னார்?"

"மோர் ஊத்தினா என்ன, வயித்துக்கு நல்லதுன்னார்."

ஆண்கள் சீட்டே சிரித்தது. தன்னால் நாலு பேர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று மேரிக்கு ஞாபகம்கூட இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல். சார் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டயர் ஆனவர். முட்டி வலி, அதனால் வெளியே வருவதில்லை. காது கொஞ்சம் மந்தம், போனில் பேச மாட்டார். கோபக்காரர். மூன்று ஃபாஸ்ட் பௌலர் என்று யாராவது சொன்னால் சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவார். சாயங்காலம் வீட்டில் பீன்ஸ் நறுக்கும்போது நாளைக்குச் சார் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள் மேரி. செம்மண் பிட்ச்சா கரிசல் மண்ணா, ஐந்தாவதாக யார் இறங்க வேண்டும், ஸ்லிப்பில் எத்தனை பேர் நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் சாரிடம் பதில் இருந்தது. ஜெகபர் அலி சாரைத் திட்டினார். சார் பாயைத் திட்டினார். சண்டை காவிரிப் பாலத்தைத் தாண்டியும் ஓயவில்லை. அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. "சார் மூளையே மூளை" என்று மாத்ருபூதம் சொன்ன அன்றைக்கு மேரிக்குச் சுருக்கென்றது. "சிஸ்டர், நீங்க குடுத்து வச்சவங்க" என்று பிரவீன்ராஜ் சொன்னபோது இன்னும் கொஞ்சம். மூளை யாருடையது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள், புதன்கிழமை. ஜெகபர் அலி முன்னால் சாய்ந்து சொன்னார்: "சிஸ்டர், நாளைக்குக் கடைக்கு லீவு. டிவிய கடைக்குள்ளயே வச்சுட்டேன். வீட்லேந்து பிரியாணி வருது. சாரைக் கூட்டிட்டு வாங்க. முட்டி வலின்னா ஆட்டோ நான் அனுப்பறேன்."

"அவருக்கு நேத்துலேந்து காய்ச்சல்" என்றாள் மேரி. அதுவும் தயாராக இருந்தது.

"மாத்திரை போட்டுக்கட்டும்! மனுஷன் அந்த புதுப் பந்தை என் பக்கத்துல உக்காந்து பாக்கணும். உங்களுக்கு ஆபீஸ் இருந்தா நீங்க வரலேன்னாலும் பரவால்ல சிஸ்டர். சாரை மட்டும் அனுப்பி வைங்க."

சாரை மட்டும். நீங்க வரலேன்னாலும் பரவால்ல.

ஒன்பது நாளாகச் சேர்ந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. "சாருன்னு யாரும் இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகல. புதுப் பந்து, செம்மண்ணு, எல்லாம் நான் சொன்னது. நான்தான் சொன்னேன்!"

அவள் குரல் உசந்துவிட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மாமண்டபம் வந்தது, ராஜகோபுரம் வந்தது, மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்கள்.

வியாழக்கிழமை மேரி லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கேப்டன் மூன்றாவது ஓவரிலேயே ஆஃப் ஸ்பின்னரிடம் பந்தைக் கொடுத்தான். சாப்பாட்டு இடைவேளைக்குள் ஓப்பனர் ரெண்டு பேரும் ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். "பார்த்தீங்களா!" என்று கத்தினாள் மேரி. யாரைப் பார்த்துக் கத்தினாள்? வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட வீடு நிறைய ஜனம் இருந்தது. இன்றைக்கு ஜெயித்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். முதல் பந்திலிருந்து எல்லாவற்றையும் மனசில் அடுக்கி வைத்திருந்தாள். சாரின் பெயரில் இல்லை, தன் பெயரில்.

"வாங்கம்மா" என்றார் மாத்ருபூதம். சிஸ்டர் போய் அம்மா ஆகிவிட்டது. "சாப்டீங்களா? வெயில் இப்பவே ஆரம்பிச்சிடுச்சு பாருங்க."

"நேத்து மேட்ச் பார்த்தீங்கல்ல?" என்றாள் மேரி.

"பார்த்தோம்மா. நீங்க சொன்னது கரெக்ட்தாம்மா" என்றான் பிரவீன்ராஜ்.

"அப்ப ரெண்டாவது ஸ்பெல்லுக்கு யாரைப் போடணும்ங்கறீங்க?"

"நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

அவ்வளவுதான். மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம் எல்லாம் தாண்டியது, யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோர் இல்லை, வசவு இல்லை. தனியாக வாழ்கிற பொம்பளை என்று தெரிந்ததும் அவர்களுக்கு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையில் இடி விழ! ஒரு தரமாவது "உங்களுக்கு மூளை இருக்கா" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று மேரி தவித்தாள்.

ராஜகோபுரம் ஸ்டாப்பில் மற்ற ரெண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். ஜெகபர் அலி மட்டும் அவள் சீட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நேத்து அந்த ரெண்டு விக்கெட் விழுந்தப்ப எனக்கு சார் ஞாபகம்தான். அந்த மனுஷன் மட்டும் நிஜமா இருந்திருந்தா, இன்னிக்கு அவரோட ஒரு பெரிய சண்டை போட்டிருப்பேன். இல்லாமப் போயிட்டாரேன்னு இருக்கு."

மேரி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் பாய்" என்றாள்.