அன்டோனியின் சாவி

எங்கள் ஊர் உர்பெல்ட்ஸில் ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் சங்கம் ஒன்று உண்டு. ஸ்பெயினின் வடக்கே, எங்கள் பாஸ்க் நாட்டில் இது இல்லாத ஊர் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி, சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஓர் ஏப்ரன். உள்ளே அரசியல் பேசக்கூடாது என்பது விதி. அதனால் தெருவில் துப்பாக்கி வெடித்த காலத்திலும் நாங்கள் மீனுக்கு உப்பு போதுமா என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பெண்கள் விருந்தாளியாக வந்து சாப்பிடலாம். சமையலறை வாசலைத் தாண்டக்கூடாது. நான், கொல்டோ, இதன் செயலாளர். வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதே என் தகுதி.

தனிநாடு கேட்டுச் சுட்டுக்கொண்டிருந்த ஆயுதக் குழு ஆயுதங்களைக் கீழே போட்ட பிறகு நகரமன்றத்தில் பேச்சுவார்த்தைக்கு மேஜை போட்டார்கள். கட்சிக்காரர்கள், கைதிகளின் குடும்பத்தார், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து, இனி இந்த ஊரில் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு தரப்பு வராவிட்டாலும் மற்றவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். வராத தரப்பு கார்மெலே. அவள் கணவன் அன்டோனி நகரமன்ற உறுப்பினராக இருந்தவன். வீட்டு வாசலில் வைத்துச் சுடப்பட்டவன். எங்கள் சங்கத்து ஆள். அவன் ஏப்ரன் இன்னும் அவன் ஆணியிலேயே தொங்கியது. அதை எடுக்கவும் யாருக்கும் தைரியமில்லை, பேச்சில் எடுக்கவும் தைரியமில்லை.

அவளை அழைத்து வர என்னை அனுப்பினார்கள். திட்டு வாங்கினாலும் முகம் வாடாத ஆள் என்பதால். அவள் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

“அந்த மேஜையில எனக்கு ‘பாதிக்கப்பட்டவர்’னு அட்டை எழுதி வெச்சிருக்காங்க. அது பின்னாடி உக்காந்து அழணும், அதானே?”

அழுவது கட்டாயமில்லை என்றேன்.

“ஜெயில்லேர்ந்து வந்ததும் யோசேபாவுக்குச் சாவியத் திருப்பிக் குடுத்தீங்கல்ல? அன்டோனி சாவிய எனக்குக் குடுங்க. உங்க அடுப்புல ஒரு நாள் சமைக்கிறேன். அப்புறம் உங்க மேஜைக்கு வரேன்.”

யோசேபா ஆயுதக் குழுவின் துப்பாக்கிகளைத் தன் பட்டறையில் ஒளித்து வைத்ததற்காகச் சிறைக்குப் போனவன். அன்டோனியைச் சுட்ட துப்பாக்கியும் அங்கிருந்து போனதுதான். அதற்கு முன்பு அவனும் அன்டோனியும் ஒன்றாக நின்று சமைத்தவர்கள். அவனுக்குச் சாவி கொடுக்க விதியில் தடை எதுவும் இல்லை. கார்மெலேவுக்கு இருந்தது. சங்கத்தில் அப்பாவின் சாவி மகனுக்குப் போகும்; அன்டோனிக்கு ஒரே மகள்.

சங்கத்தைக் கூட்டினேன். துப்பாக்கியை மன்னிக்கத் தயாராக இருந்தவர்களுக்கு அடுப்பை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“சமாதானத்துக்கு நான் குறுக்க நிக்கலப்பா,” என்றார் தலைவர் எனேகோ. “அடுப்பு வேற விஷயம். இன்னைக்கு இவ வருவா, நாளைக்கு என் பொண்டாட்டி வருவா. அப்புறம் நான் எங்க போறது?”

பலர் தலையாட்டினார்கள். நானும் கொஞ்சம் ஆட்டிவிட்டேன். என் வீட்டிலும் நன்றாகச் சமைப்பவள் ஒருத்தி இருக்கிறாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த யோசேபா எழுந்து வந்து தன் சாவியை மேஜையில் வைத்தான்.

“நான் உள்ள வரலாம், அவங்க வரக்கூடாதுன்னா, இது எனக்கு வேணாம்.”

எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். எனேகோவின் கை பாதி உயர்ந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. வேறு கை எழவில்லை.

சனிக்கிழமை, நான் கொண்டுபோய்க் கொடுத்த அன்டோனியின் சாவியால் கதவைத் திறந்துகொண்டு கார்மெலே வந்தாள். ஆணியிலிருந்து அன்டோனியின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கணுக்கால் வரை தொங்கியது. அவள் செய்யத் தொடங்கியது பில்பில். உப்பில் ஊறிய காட் மீனைப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடுப்பில் வைத்து, மண்சட்டியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீனின் பசையும் எண்ணெயும் கலந்து குழம்பு கெட்டிப்படும். பெரிய சட்டியென்றால் ஒருவர் ஆட்ட, இன்னொருவர் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட வேண்டும். யார் நிறுத்தினாலும் திரிந்துபோகும். திரிய விடுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர்.

“யாராவது எண்ணெய் ஊத்துங்க,” என்றாள்.

எல்லோரும் கூரையை ஆராய்ந்தோம். யோசேபா எழுந்து போனான். அந்தக் காலத்திலும் அதுதான் அவன் வேலை: அன்டோனி ஆட்டுவான், இவன் ஊற்றுவான். நான் வாசலருகே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது.

“மெதுவா. நீ அவசரப்படுவேன்னு அவர் சொல்வார்.”

“என்கிட்டயும் சொல்வான்.”

சட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“அந்தத் துப்பாக்கி அன்டோனிக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.” ஜாடியைப் பார்த்தபடியே சொன்னான்: “நான் கேக்கல. கேட்டா தெரிஞ்சிடும்னுதான் கேக்கல.”

ஜாடியின் வாயில் எண்ணெய் நின்றுவிட்டது.

“ஊத்து,” என்றாள் கார்மெலே. “நிறுத்தாத.”

ஊற்றினான். அவள் கை கடைசிவரை நிற்கவில்லை. காதை அங்கே வைத்துக்கொண்டு நான் அறுத்த ரொட்டித் துண்டுகள் காகிதம்போல் இருந்தன.

குழம்பு திரியவில்லை. உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எனேகோ இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார். கிளம்பும்போது கார்மெலே ஏப்ரனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். எனேகோ என்னை ஓரமாக இழுத்தார்.

“எடுத்துட்டுப் போறாளே, இனிமே வரமாட்டாளா?”

தெரியவில்லை என்றேன். சாவியை அவள் திருப்பித் தரவில்லை, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நகரமன்றத்துக்கு வந்தாள். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒப்பந்தம் முடிய மேலும் இரண்டு குளிர்காலம் ஆனது. அதில் உள்ள ஒரு வாக்கியத்துக்காக இன்றும் சண்டை நடக்கிறது, அதே மேஜையில்.

அவள் நகரமன்றத்துக்கு வந்த வாரத்துச் சனிக்கிழமையே அன்டோனியின் ஏப்ரன் துவைத்து, இஸ்திரி போட்டு, அவன் ஆணிக்குத் திரும்பியிருந்தது. இத்தனை வருடத்தில் அதைத் துவைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பக்கத்தில் எங்களுடையவை பார்க்கச் சகிக்கவில்லை. எனேகோ தன்னுடையதைச் சுருட்டிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறியபோது, நான் மறுபடியும் கூரையை ஆராய்ந்தேன்.