கையைத் தூக்கச் சொன்னவன்

சார்ஜன்ட் ப்ரூலுக்குச் சிப்பாய் வெண்டல் தர வேண்டியது நானூற்று முப்பது டாலர். சீட்டாட்டத்தில் தோற்றது. அதே மேஜையில் தோற்ற டோபி மட்டும், "நீ சீட்டுல குறி வச்சு ஆடுற, காசு கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

மறுநாள் முகாமின் லாரிக் கொட்டகையில் ப்ரூல் சக்கரம் கழற்றும் கம்பியை எடுத்தான். முதல் அடியிலேயே டோபியின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கிப்போனது. விழுந்தவனின் முழங்காலில் மறுபடி மறுபடி இறக்கினான். டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்ற வெண்டலுக்கு எலும்பு நொறுங்கியது கேட்டது. கால் நகரவில்லை.

ரத்தம் சொட்டும் கம்பி வெண்டலின் தொண்டைக்கு வந்தது.

"லாரி மேலேர்ந்து விழுந்தான்னு எழுதுடா. வலது கையத் தூக்கி, கடவுள் சாட்சியா உண்மைன்னு சொல்லு. உன் கடன் தள்ளுபடி. பின்னால மாத்திப் பேசின, பொய்ச் சத்தியத்துக்கு நீதான் ஜெயிலுக்குப் போவ."

வெண்டல் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினான். தாளின் அடியில் சத்தியம் வாங்கியவர் என்ற இடத்தில் ப்ரூல் கையெழுத்துப் போட்டான்.

டோபி ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. விசாரிக்க வந்தவள் படைப்பிரிவின் நிர்வாகம் பார்க்கும் அட்ஜுடன்ட், கேப்டன் ஓடெல். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"உன்கிட்ட சத்தியம் வாங்கினது சார்ஜன்டா?"

"ஆமா, மேடம்."

"அந்தாளுக்கு ஏது அதிகாரம்? ராணுவ வக்கீல் வாங்கலாம், விசாரிக்கிற அதிகாரி வாங்கலாம், அட்ஜுடன்ட் நான் வாங்கலாம். அவன் முன்னாடி நீ கையத் தூக்கினது அக்குள் காட்டினதோட சரி."

"அப்போ ஜெயிலு?"

"பயந்து பொய் எழுதினதுக்கு என்கிட்ட திட்டு வாங்குவ. பொய்ச் சத்தியம்னு எவனும் உன்னைப் பிடிக்க முடியாது. இப்ப நிஜமா பண்றியா?"

வெண்டல் வலது கையைத் தூக்கினான். கம்பி, தாடை, முழங்கால், எல்லாம் சொன்னான்.

தன் விசாரணைக்காக அறைக்கு வெளியே காத்திருந்த ப்ரூல், அது காதில் விழுந்ததும் காவல்காரனைத் தள்ளிவிட்டுக் கதவை உதைத்து உள்ளே வந்தான். இரும்பு நாற்காலி வெண்டலின் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்தது, முன்பல் இரண்டு தரையில் உருண்டன. காவலர்கள் பாய்ந்து ப்ரூலைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு பூட்டினார்கள்.

வெண்டல் சுவரைப் பிடித்து எழுந்தான். அன்று காலை வாங்கிய சம்பளத்திலிருந்து நோட்டுகளை எடுத்து, ரத்தம் ஒழுக ஒழுக எண்ணினான். குனிந்து ப்ரூலின் கால்சட்டைப் பையில் திணித்தான்.

"நானூத்தி முப்பது. அந்தச் சத்தியம் செல்லலன்னா உன் தள்ளுபடியும் செல்லல, சார்ஜன்ட். எண்ணிக்கோ."